பார்த்ததா, அளந்ததா, கணக்குப் போட்டதா? நான்காம் வகுப்பில் வானிலை

"நாளைக்கு லீவு உண்டா டீச்சர்?"

ஐப்பசியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். வானிலை அறிவியலைச் சொல்லித்தர இதைவிட நல்ல வாசல் இல்லை. பாடப்புத்தகத்துக் கேள்விகளைப் போலன்றி, இதற்குப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும். சரி, கலெக்டர் எதைப் பார்த்து லீவு விடுகிறார்? வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்து. கனமழை என்று அந்த மையம் சொன்னால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை மழை என்று பொருள். 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. நாளை பெய்யப்போகும் மழையை இன்றைக்கே எப்படி செ.மீ. கணக்கில் சொல்கிறார்கள்? இப்படி அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால் அறிவியலின் நடுவீட்டுக்கே வந்துவிடலாம்.

இன்று பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. இல்லாத இடத்திலும் ஆசிரியர் கையில் ஒரு போன் இருக்கும். செயற்கைக்கோள் படம், ரேடார் படம், வண்ண வண்ணமாக ஓடும் காற்றுக் கோடுகள் என எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் திறந்து காட்டிவிடலாம். பிள்ளைகளும் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் அதோடு விட்டுவிட்டால் அது வேடிக்கை காட்டியதாகத்தான் இருக்கும். திரையைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைப் பழக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: இது பார்த்ததா, அளந்ததா, கணக்குப் போட்டதா? செயற்கைக்கோள் படம் பார்த்தது. குளச்சலில் பெய்த மழையின் அளவு அளந்தது. நாளைய மழை கணக்குப் போட்டது. மூன்றும் ஒரே போனில், ஒரே அளவு எழுத்தில் வருவதால் பெரியவர்களே மூன்றையும் ஒரே மாதிரி நம்பிவிடுகிறோம். எட்டு, ஒன்பது வயதில் இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால், போன வருடத்து வெள்ளத்தை இன்றைய வெள்ளம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும்போதும் அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்.

மூன்றில் முதலில் கைக்கு வர வேண்டியது அளப்பது. அதற்கு இணையம் வேண்டாம், இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். சரிந்து குறுகும் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, அதே பாட்டிலில் புனலாகச் செருகிவிட வேண்டும். பாட்டிலின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை அப்படியே விட்டால் அளவு தப்பாகும். அதனால் கூழாங்கல்லைப் போட்டு, பக்கவாட்டு நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறித்து, அதிலிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டினால் மழைமானி தயார். புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலம் என்பதால், உள்ளே நீர் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்ததோ அதுவே மழையளவு. பாட்டில் அகலமாக இருந்தாலும் சரி, ஒடுங்கலாக இருந்தாலும் சரி, அளவு மாறாது. இது பிள்ளைகளுக்கு எளிதில் நம்பிக்கை வராத செய்தி. இரண்டு அளவு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களே பார்க்கட்டும்.

வைக்கும் இடத்தில்தான் நம்மூரில் சிக்கல். எங்கே திரும்பினாலும் தென்னை. மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பொது விதி. நெருங்கி நின்றால் ஓலை மழையை மறைக்கும், இல்லையென்றால் மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள விளையாட்டுத் திடலில் 5 செ.மீ. பெய்தால் 30,000 லிட்டர். இதைப் பெருக்கிப் பார்த்த பிள்ளைக்கு 5 செ.மீ. என்பது சின்ன எண்ணாகத் தெரியாது.

பாட்டிலில் சில நாள் அளந்த பிறகு இணையத்தைத் திறக்கலாம். மாவட்டத்தின் மழையளவுப் பட்டியல் மழைக்காலத்தில் தினமும் செய்திகளில் வரும்: பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளோடு, மாம்பழத்துறையாறு, இரணியல், குளச்சல், மயிலாடி, கொட்டாரம். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு மழையளவு எடுக்கிறது. உலக நேரப்படி அது 3.00 மணி, நாம் ஐந்தரை மணி நேரம் முந்தி இருக்கிறோம். செயற்கைக்கோள் படத்தின் ஓரத்தில் பெரும்பாலும் அந்த உலக நேரம்தான் இருக்கும் என்பதால், ஐந்தரையைக் கூட்டும் பழக்கமும் இங்கேயே வந்துவிடும். தங்கள் பாட்டில் 23 மி.மீ. காட்டியிருக்க, பக்கத்து ஊருக்குப் பட்டியலில் 26 என்று இருப்பதைக் கண்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள். திரையில் வரும் எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் குனிந்து அளந்திருக்கிறார் என்பது அப்போது புரியும்.

பட்டியலை ஜூன், ஜூலையில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மலையோரத்துப் பாலமோரிலும் பேச்சிப்பாறையிலும் நல்ல மழை இருக்க, கிழக்கே கொட்டாரத்திலும் மயிலாடியிலும் பேருக்குத் தூறியிருக்கும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் நீராவி துளியாகிறது. கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருப்பதால் காற்று அதில் நெருக்கியடித்துப் புகுந்து வேகமெடுக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கு அதுதான் காரணம். ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் உள்ள மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு மழைப்பாடத்தை வேறெங்கோ உள்ள ஊரின் உதாரணத்தை வைத்து நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி செயற்கைக்கோள். நம் மேகங்களைப் படமெடுக்கும் இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்டது. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால்தான் எப்போதும் நம் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைப்போல சுமார் 50 மடங்கு என்றால் பிள்ளைகளுக்கு ஓரளவு பிடிபடும்.

இரவில் வெளிச்சமே இல்லாதபோது மேகத்தை எப்படிப் படமெடுக்கிறது? கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்களே, அந்த வெப்பமானி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் கதிரும் கூடும். செயற்கைக்கோள் அதை அளந்து, குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் காட்டுகிறது. வெதுவெதுப்பான கடல் கறுப்பாகத் தெரிகிறது. வானத்தில் மேலே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்துக்கு வளர்ந்த இடிமேகத்தின் தலையில் மைனஸ் 40, 50 டிகிரி குளிர். அதனால் அது பளீரென்று வெள்ளையாகத் தெரிகிறது.

இங்கேதான் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். வெள்ளை என்றால் மழை என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் மிக உயரத்தில் இறகுபோலப் படரும் மெல்லிய பனிமேகமும் குளிர்ந்ததுதான். படத்தில் அதுவும் வெண்மையாகவே தெரியும், ஆனால் வெளியே வெயில் அடிக்கும். ஆனி, ஆடிச் சாரலைத் தருகிற தாழ்ந்த மேகத்தின் தலையோ அவ்வளவு குளிராது. அது படத்தில் மங்கலான சாம்பலாக இருக்க, மலையடிவாரத்தில் நனைந்துகொண்டிருப்போம். படம் காட்டுவது மேகத்தின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. அதனால் வகுப்பில் இந்த வரிசை முக்கியம்: முதலில் வெளியே போய் நான்கு திசை வானத்தையும் வரைய வேண்டும், பிறகு உள்ளே வந்து அதே நேரத்துப் படத்தைத் திறக்க வேண்டும். திரையை முதலில் காட்டினால் பிள்ளைகள் வானத்தைப் பார்க்காமல் திரையையே வரைந்துவிடுவார்கள்.

மேகத்துக்குள் துளி இருக்கிறதா என்று பார்ப்பது ரேடாரின் வேலை. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் ரேடார். அது நுண்ணலையை அனுப்புகிறது. மழைத்துளியில் பட்டுத் திரும்புவதற்கு ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தையும், திரும்பி வரும் அலையின் வலிமையை வைத்து மழையின் கனத்தையும் கணிக்கிறது. பூமி வளைந்திருப்பதாலும் கதிர் சற்று மேல்நோக்கிப் போவதாலும், 100 கி.மீ. தள்ளி அது தரைக்கு ஒன்றரை கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மெல்லிய சாரல் அதன் கண்ணில் படாமல் போகலாம். தொடக்கப் பள்ளிக்கு இவ்வளவு போதும்.

அப்புறம் கணக்குப் போடுவது. கணினி, வானத்தையும் பூமியையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போதைய காற்று, சூடு, ஈரம், அழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்து, சில நிமிடங்களுக்குப் பிறகு என்ன ஆகும் என்று இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிட்டு, அந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிடங்கள், அதிலிருந்து அடுத்தது என்று நாளைவரை போகிறது. இப்படிக் கணக்கிடும் முறைக்கு மாதிரி என்று பெயர். பல செயலிகள் பயன்படுத்தும் ஐரோப்பிய மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 9 கி.மீ. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கி.மீ. கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,680 சதுர கி.மீ. அப்படியானால் முதல் கணக்கில் மாவட்டம் முழுவதும் ஏறக்குறைய 20 கட்டங்கள், இரண்டாவதில் 45-க்குச் சற்று மேல்.

இதை வகுப்பில் செய்து பார்க்க மாவட்ட வரைபடமும் பென்சிலும் போதும். கட்டம் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, "உன் கட்டத்தின் உயரம் எவ்வளவு? ஒரே எண்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டால் போதும். மலைச்சரிவும் அடிவாரத்து வயலும் ஒரே கட்டத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளை திணறும். கணினிக்கும் அதே திணறல்தான். போனில் மழைப்படம் காட்டியும் உங்கள் தெருவில் ஒரு சொட்டு விழாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓடும் காற்றுக் கோடுகளையும் நேரலை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் இந்தக் கட்டக் கணக்கை வைத்து வரைந்தவை.

செயலியில் 40 சதவீதம் என்று போட்டிருந்தால்? இப்படிச் சொல்லப்பட்ட நாட்கள் பத்தில் ஏறக்குறைய நாலில் மழை பெய்ய வேண்டும் என்று அர்த்தம். ஒரு நாளை வைத்து அதைச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. சுவரில் ஒரு அட்டை மாட்டி, 40 என்று வந்த நாளிலெல்லாம் மழை பெய்ததா இல்லையா என்று கோடு போட்டுக்கொண்டே வந்து, பருவ இறுதியில் எண்ணிப் பார்க்கலாம். முன்னறிவிப்பைச் சோதிக்கும் முறையே அதுதான். பெரிய ஆய்வு மையங்களும் இப்படித்தான் செய்கின்றன.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர் கூடுதல் கவனத்தோடு நடத்த வேண்டும். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் 30 காலையிலேயே கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. அதற்குள் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. தாத்தாவையோ மாமாவையோ பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். சுழலும் புயல் படத்தை அந்தப் பிள்ளையின் முன்னால் வேடிக்கையாக ஓட்டக் கூடாது. ஆனால் பாடத்தைத் தவிர்க்கவும் கூடாது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வேகமாக ஒரு புயல் வலுக்கும்போது கணக்குப் போடக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது, எச்சரிக்கையைக் கடலில் இருப்பவர்களிடம் கொண்டுசேர்க்கும் நேரமும் சுருங்குகிறது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இணையத்தின் மிகச் சிறந்த பயன் என்று நான் நினைப்பது இன்னொன்று. மேற்கே திருவட்டாரிலோ குலசேகரத்திலோ ஒரு பள்ளி, கிழக்கே கொட்டாரத்திலோ தோவாளையிலோ ஒரு பள்ளி, இரண்டும் தங்கள் பாட்டில் அளவைத் தினமும் ஒரே அட்டவணையில் ஏற்றலாம். குளோப் என்ற திட்டத்தில் 1995 முதல் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் அளவுகளை இப்படித்தான் பகிர்ந்து வருகிறார்கள். நமக்கு இரண்டு ஆசிரியர்களும் ஒரு பகிர்வுத் தாளும் போதும். பிள்ளைகளின் பெயரோ படமோ எதுவும் ஏற்ற வேண்டாம். ஊர், தேதி, மி.மீ. மட்டும். பள்ளி திறக்கும் ஜூனிலேயே தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே கல்வியாண்டில் கிடைத்துவிடும். இரண்டு பருவத்திலும் நனையும் மாவட்டம் என்பதால் நமக்கு வாய்த்த வசதி இது.

திங்கட்கிழமை காலையில் பாட்டிலில் இருப்பது வெள்ளி காலைக்குப் பிறகு பெய்த மூன்று நாள் மழை. அதைத் திங்கள் கணக்கில் எழுதிவிடாமல், மூன்று நாளுக்குமான மொத்தம் என்று தனியாகக் குறிக்க வேண்டும். பட்டியலோடு ஒப்பிடும்போது அங்கேயும் மூன்று நாளைக் கூட்டிக்கொள்ளலாம். மழை பெய்யாத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுத வேண்டும். அளக்க மறந்த நாளில் ஒரு சிறு கோடு. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கும் உதவாது.