வினைமிகு ஆக்சிஜன்: தாக்குதலா, தாக்கலா?

தமிழில் உடல்நலம் பற்றி எழுதுகிறவர்கள், ஆங்கிலத்தின் ‘ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீஷீஸ்’ என்பதற்கு ‘எதிர்வினை ஆக்சிஜன் இனங்கள்’ என்று ஒரு தொடரைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். எழுதியவருக்கே பொருள் பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகம். எதிர்வினை என்றால் ஒருவர் செய்ததற்கு மற்றவர் திருப்பிச் செய்வது. இனம் என்றால் ஆட்டினம், மாட்டினம். ‘சிற்றினம்’ என்று போட்டுவிட்டாலோ, மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிதாகக் கண்டெடுத்த தவளை ஆகிவிடுகிறது ஆக்சிஜன்! வேதியியலில் ‘ஸ்பீஷீஸ்’ என்ற மூலச்சொல்லுக்கு அப்படிப் பொருள் இல்லை. அணுவோ, மூலக்கூறோ, அயனியோ, எதுவானாலும் பொதுவாகச் சுட்டும் சொல் அது. ‘வகை’ என்றால் போதும். சட்டென்று வினையில் இறங்கும் தன்மைக்கு ‘வினைமிகு’. ஆக, வினைமிகு ஆக்சிஜன் வகைகள். சுருக்கமாக, வினைமிகு ஆக்சிஜன்.

இந்த வகையில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில். முதலாவதும் மூன்றாவதும் இணை சேராத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள், அதாவது ‘ஃப்ரீ ராடிகல்’. நடுவில் இருப்பது அப்படியல்ல. எனவே மூன்றையும் சேர்த்து ‘ஃப்ரீ ராடிகல்’ என்பது தவறு.

அந்த நடுவில் இருப்பவரைத் திருப்பூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பனியன் துணியின் பழுப்பை நீக்கி வெளுக்க, சலவைப்பட்டறையில் கேன் கேனாக ஊற்றுவது அதைத்தான். வெளுத்த துணியில் பெராக்சைடு மிச்சமிருந்தால் அடுத்து ஏற்றும் சாயம் சரியாகப் பிடிக்காது. அதைக் கொல்வதற்கென்றே கேட்டலேஸ் என்னும் நொதியைத் தொட்டியில் விடுவார்கள். அதே கேட்டலேஸ் நம் ரத்தத்திலும் கல்லீரலிலும் இருக்கிறது. புண்ணில் பெராக்சைடு பட்டதும் வெள்ளையாக நுரைத்துப் பொங்குகிறதே, அது இந்த நொதியின் வேலை: பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது.

ஆக்சிஜன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நம்பி 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே வைத்த பெயர். நம்பிக்கை பொய்த்துப்போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் உயிர்வளி என்பது அழகான சொல்தான். ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது ஆக்சிஜன் என்றுதான். அதை மாற்றப் போவானேன்?

செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் பிறக்கும் முக்கிய இடம் மைட்டோகாண்ட்ரியா. அதன் பெயர் வேறு கதை. 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர், செல்லுக்குள் இழை போலவும் மணி போலவும் தெரிந்ததைப் பார்த்து, இழைக்கும் மணிக்குமான கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். தமிழில் ‘இழைமணி’ என்கிறோம். மூலத்தைவிடச் சொல்வதற்கு எளிது. எனக்கு இதில் மறுப்பே இல்லை.

இழைமணியின் உள்சவ்வில் புரதத் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. நாம் உண்ட உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் அவற்றின் வழியே கைமாறிப் போய், கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. முதல் தொகுதியிலும் மூன்றாவதிலும் சில எலக்ட்ரான்கள் வழியிலேயே நழுவி ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். அதுதான் சூப்பராக்சைடு. மின்சுமை உள்ளதால் அது சவ்வை எளிதில் தாண்டாது. 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த ஒரு நொதி, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், அதை உடனே ஹைட்ரஜன் பெராக்சைடாக்கிவிடுகிறது. இதற்கு மின்சுமை இல்லை, சவ்வைத் தாண்டும், கொஞ்ச நேரம் நிலைத்தும் நிற்கும்.

வெகுகாலம் இந்த நழுவலைக் கழிவு என்றே எண்ணினார்கள். 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தனி உறுப்புகள் செய்யும் சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்றார். ‘செல்லைத் தாக்கும்’, ‘டிஎன்ஏவைத் தாக்கும்’ என்ற பேச்சுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

எங்கள் பக்கம் ‘தாக்கல்’ என்றொரு சொல் உண்டு. மனு தாக்கல் அல்ல, சேதி. எழவு விழுந்தால் ஊர் ஊராக ஆள் போய்ச் சொல்வது எழவுத் தாக்கல். “தாக்கல் சொல்லியாச்சுங்களா?” என்றால் சொந்தபந்தத்துக்கெல்லாம் தெரிவித்தாயிற்றா என்று கேட்பது. வினைமிகு ஆக்சிஜன் செய்வது தாக்குதல் மட்டும் அல்ல, தாக்கல் சொல்வதும்தான். தாக்கல் கொண்டுபோகும் ஆள் பெராக்சைடு. சில புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகமுனை அதற்கு இசைவாக இருக்கும். அங்கே ஓர் ஆக்சிஜனை ஏற்றிவிட்டால் புரதத்தின் வேலை மாறும்; பிறகு தயோரெடாக்சின் போன்ற வேறு புரதங்கள் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். இன்சுலின் சொல்லும் சேதியை அடக்கிவைக்கும் ஒரு நொதி இப்படித்தான் சற்று நேரம் முடங்குகிறது, சேதி உள்ளே போகிறது. ஆக்சிஜன் குறைந்தால் செல் தன்னைத் தகவமைத்துக்கொள்வதிலும் மூன்றாம் தொகுதியிலிருந்து வரும் தாக்கலுக்குப் பங்கு உண்டு என 1998 முதல் ஆய்வுகள் காட்டின.

எல்லாம் அளவில் இருக்கிறது. செல்லுக்குள் பெராக்சைடு லிட்டருக்கு நானோமோல் கணக்கில், அதாவது மிகமிகச் சொற்பமாக, இருந்தால் சேதி. வெகுவாக ஏறினால் சேதம். சேதத்தை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலர் 1985இல் நிலைநாட்டிய கருத்து அது. அவரே பின்னாளில் நன்மையான அளவுக்குத் தனிப் பெயர் வைத்தார். தமிழில் முன்னதைச் ‘சேத அழுத்தம்’ என்றும் பின்னதை ‘இத அழுத்தம்’ என்றும் பிரிக்கலாம் என்பது என் யோசனை.

ஜெர்மனியில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு: இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு சாராருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈயும் தினமும். இரண்டும் ஆன்டி ஆக்சிடன்ட், அதாவது வினைமிகு ஆக்சிஜனை அடக்குபவை. மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. தாக்கல் போகாமலே நடுவழியில் மறித்தாயிற்று! ஆன்டி ஆக்சிடன்ட்டுக்கு ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்று எழுதுவோம். ‘நச்சு நீக்கி’ என்று மஞ்சள்தூள் பாக்கெட்டில் அச்சடிப்பது ஈரோட்டு மஞ்சளுக்கே ஆனாலும் பொருந்தாது. செல் தானே செய்து, தானே பயன்படுத்தும் பொருள், அளவில் இருக்கும்வரை நச்சல்ல.