இம்புட்டுக்காணு பிள்ளைக்கு ஊசியா?

செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்பு முடிந்த அடுத்த வாரம் காரைக்குடியில் குழந்தை மருத்துவருக்கு ஓய்வு கிடையாது. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், நோன்புச் சடங்கான ‘இழை எடுக்க’ ஊருக்கு ஊர் வீடுகள் திறக்கும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வளவில் சென்னைப் பிள்ளைகளும் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் ஒன்றாக உருண்டு புரளும். அதில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் கழித்து அந்த ஒரு மூக்கின் வினை வரிசையாக என் அறை வாசலில் வந்து உட்காரும்.

அப்படி ஒரு மார்கழியில் வந்தவன் மூன்று மாதப் பையன். 30 வாரத்தில், 1,200 கிராமில் பிறந்து, நாற்பது நாள் இன்குபேட்டரில் கிடந்து வீடு சேர்ந்தவன். இருமல்கூடப் பெரிதாக இல்லை. அவன் அம்மா சொன்னது ஒரே வரி: “பால் இழுக்க மாட்டேங்கிறான் டாக்டர், அப்பப்ப மூச்ச மறந்துர்றான்.” குறைமாதக் குழந்தைக்கு, மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் தொற்றினால் சளி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் இப்படி மூச்சு நின்று நின்று வருவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அந்தப் பெண் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டாள். ஆக்சிஜன் வைத்து மதுரைக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்து நல்லபடியாகத் திரும்பினான்.

திரும்பி வந்த பிறகுதான் தடுப்பூசி அட்டையைப் புரட்டினேன். ஆறு வாரத்தில் போட வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. பத்து வாரமும் காலி. கூட வந்த அப்பத்தா, “இம்புட்டுக்காணு பிள்ளை, உள்ளங்கையளவு இருக்கு. இதுக்குப் போய்த் தொடையில ஊசியா? எடை ஏறட்டும்னு இருந்தோம்” என்றார்கள். ஆனால் அதே வீட்டில், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஆர்எஸ்விக்கான விலை உயர்ந்த ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோரும் படித்திருந்தார்கள். அதைப் போடலாமா என்று குடும்பமே ஒரு மாதம் யோசித்திருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் ஊசி தானாகவே தள்ளிப்போய்விட்டது.

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசியில் அவனை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எடை பார்த்தேன், சத்துச் சொட்டு மருந்து எழுதினேன், அட்டையைக் கேட்கவில்லை. அட்டையிலிருந்த ஊசிகள் போட்டிருந்தாலும் ஆர்எஸ்வி வந்திருக்கும். அவை அந்த வைரஸுக்கானவை இல்லை. ஆனால் அந்த நிலைமையில் கக்குவானோ, நிமோனியா கொண்டுவரும் நியூமோகாக்கஸ் கிருமியோ சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

குறைமாதப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சாமான் கொடுத்து அனுப்புவது போல, அம்மா தன் உடம்பில் சேர்த்து வைத்த நோய் எதிர்ப்புப் பொருட்களைத் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்புகிறாள். அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேரும். 30 வாரத்தில் பிறந்தவன் சாமான் வண்டி வருவதற்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டவன். கை வெறுமையாக இருக்கும்.

அதோடு மூச்சுக்குழாயும் நூல் மாதிரி. குழாயின் விட்டம் பாதியானால் காற்று போவதற்கான தடை 16 மடங்கு ஆகும். நமக்கு வெறும் ஜலதோஷமாகப் போய்விடுகிற வீக்கம் அவனுக்கு மூச்சுத்திணறல். அப்படி ஆனபின் இந்த வைரஸைக் கொல்ல வழக்கமாகக் கொடுக்கும்படியான மருந்து எதுவும் இல்லை. ஆக்சிஜன், பாலுக்கு வழி, காத்திருப்பு, இவ்வளவுதான் சிகிச்சை. “நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதுங்க” என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்த ஒரு வைரஸால் இறக்கிறார்கள். அதில் 97 சதவீதம் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில். இந்தியாவில் 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள்.

சரி, அந்தச் சிங்கப்பூர்ச் சித்தப்பா ஊசிக்கு வருவோம். அதைத் தடுப்பூசி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது எதிர்ப்புப் பொருளையே தயாரித்து நேராகத் தொடையில் ஏற்றுவது. மேலே சொன்ன கணக்கில், வராமல் போன சாமானைக் கடையில் வாங்கிக் கொடுப்பது.

ஏன் மற்ற நோய்களுக்குப் போல இதற்கும் சாதாரணத் தடுப்பூசி போடக் கூடாதா என்றால், அதற்குப் பின்னால் ஒரு வேதனையான கதை இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில், பார்மலின் என்ற ரசாயனத்தால் செயலிழக்க வைத்த ஆர்எஸ்வியைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு உண்மையான வைரஸ் தொற்றியபோது ஊசி போட்ட குழந்தைகளுக்குத்தான் நோய் முற்றியது. தொற்றியவர்களில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்தச் சூடு பட்டபின் பல பத்தாண்டுகள் இந்தத் துறையே அஞ்சி அஞ்சித்தான் நடந்தது. தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் கொடுக்கும் வழி அதனால்தான் முன்னுக்கு வந்தது. ‘புது ஊசி, நம்பலாமா’ என்று பயப்படும் அப்பத்தாக்களிடம் இந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுவேன். அவர்கள் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது என்று தெரிந்தால், அடுத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

தொடை ஊசியாக முதலில் வந்தது பாலிவிசுமாப், 1998இல். மழை, குளிர்ப் பருவத்தில் மாதம் ஒன்றாக ஐந்து ஊசி வரை, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 1,502 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்வது 10.6 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. நல்ல பலன்தான், விலைதான் மலை. பணக்கார அமெரிக்காவிலேயே 2014இல் குழந்தை மருத்துவர் சங்கம் இதைப் பெரும்பாலும் 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், ஆக்சிஜன் தேவைப்படும் நாட்பட்ட நுரையீரல் பாதிப்போ பெரிய இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கும் என்று சுருக்கிவிட்டது.

அப்புறம் நிர்செவிமாப் வந்தது. ஐரோப்பாவில் 2022, அமெரிக்காவில் 2023. ஒரே ஊசி, ஐந்து கிலோவுக்குக் கீழே 50 மில்லிகிராம், அதற்கு மேல் 100. பலன் ஐந்து மாதமாவது நிற்கும். 29 வாரம் முதல் 35 வாரம் நிறைவதற்குள் பிறந்த, மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகளிடம் பார்த்த ஆய்வில் மருத்துவரிடம் போக வைக்கும் நெஞ்சுத் தொற்று 70 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 78 சதவீதமும் குறைந்தன. ஸ்பெயினின் கலீசியாவில் 2023இல் எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் போடும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கும் ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்வதைத் தடுப்பதில் 82 சதவீதப் பலன் தெரிந்தது. சித்தப்பா சொல்வது பொய்யில்லை.

கர்ப்பிணிக்குப் போடும் ஆர்எஸ்வி தடுப்பூசியும் 2023இல் வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க முறைப்படி அது 32 முதல் 36 வாரத்துக்குள் போடுவது, போட்டபின் எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்குப் போய்ச் சேர இரண்டு வாரமாவது வேண்டும். 30 வாரத்தில் பிறந்தவனுக்கு அந்த வண்டியும் கிடைக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு நேராகக் கொடுக்கும் ஊசிதான் வழி.

இவை எதுவும் நம் அரசின் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. எனவே கேள்வி வீட்டுக்கு வந்துவிடுகிறது: வாங்கிப் போடலாமா?

என்னிடம் கேட்டால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். எத்தனை வாரத்தில் பிறந்தது, வீட்டுக்கு வரும்போது நுரையீரலும் இதயமும் எப்படி, எந்த மாதம். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. வடக்கே இந்த வைரஸ் குளிர்காலத்தில் ஆடும். நம் பக்கம் மழையை ஒட்டி வரும். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக் கூட்டத்தில் தொடங்கி, தீபாவளி, நோன்பு என்று ஊர் கூடும் காலமும் அதுதான். ஆவணியில் வீட்டுக்கு வரும் பிள்ளை மூன்று கிலோ ஆவதற்கு முன்பே இந்தக் காலத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும். மாசியில் பிறந்தவனுக்கு மழை வரும்போது ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும், குழாயும் அகன்றிருக்கும்.

28 வாரம், ஆக்சிஜனோடு பல வாரம், வீடு சேர்வது புரட்டாசி என்றால் நான் தயங்காமல் போடச் சொல்வேன். 34 வாரம், மூச்சுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கைகழுவிப் பிள்ளையைத் தூக்கும் வீடு என்றால் கடன் வாங்கிப் போடத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. புதுவயல் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். 34 வாரத்துப் பெண் குழந்தை, நன்றாக இருந்தாள். “சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் அண்ணே, பள்ளிக்கூடம் போற மூத்தவனை மழைக்காலம் முடியிறவரைக்கும் தொட்டிலுக்கிட்ட விடாதீங்க” என்றேன். இதில் நான் சொல்வதே சரி என்று அடித்துப் பேச மாட்டேன். வசதி இருப்பவர் 34 வாரத்துக்கும் போட்டால் அதில் கெடுதல் எதுவும் இல்லை. முடிவு எதுவானாலும் பிறந்த மருத்துவமனையிலேயே, டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிடுங்கள். மழை தொடங்கிய பின் தேடினால் மாதம் ஓடிவிடும்.

இனி, காசில்லாத ஊசிகள். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை.

குறைமாதப் பிள்ளைக்குத் தடுப்பூசிக் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான். தவழ்வதற்கும் பேசுவதற்கும் திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது, பார்க்கிறோமே, அதைக் கொண்டுவந்து ஊசியோடு குழப்பிக்கொள்கிறார்கள். பத்து வாரம் முன்னால் பிறந்தவனுக்கும் பிறந்து ஆறு வாரத்தில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி. அளவைக் குறைப்பதும் கூடாது. அந்த ஒரே ஊசியில் கக்குவானுக்கும், நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் ஹிப் கிருமிக்கும் காப்பு இருக்கிறது. கக்குவான் இந்தப் பிள்ளைகளை இருமக்கூட விடாது, மூச்சை நிறுத்திவிடும். நியூமோகாக்கல் தடுப்பூசி ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம். 2021 முதல் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். புதன்கிழமை கிராம செவிலியரிடம் போனால் போதும். மிகக் குறைந்த வாரத்தில் பிறந்து இன்னும் மருத்துவமனையிலேயே இருக்கும் பிள்ளைக்கு முதல் ஊசி போட்டபின் இரண்டு மூன்று நாள் மூச்சைக் கவனிப்போம். அது மருத்துவமனை வேலை. வீட்டில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதென்றால் எடை சொல்லி அளவு வாங்கிக்கொள்ளுங்கள், மூத்த பிள்ளையின் பாட்டிலைப் பார்த்து ஊற்றாதீர்கள்.

ஆர்எஸ்வி ஊசி போட்டிருந்தாலும் இவை கட்டாயம். ஒரே நாளில் இரண்டு தொடையிலும் போடலாம், ஒன்றை ஒன்று கெடுக்காது.

ஆறு மாதம் நிறைந்ததும் ப்ளூ ஊசி, நான்கு வார இடைவெளியில் இரண்டு. இது அரசு அட்டவணையில் இல்லை, வெளியில்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்குப் போட முடியாது, எனவே வீட்டில் தூக்குகிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பத்தா, ஆயா, ஐயா எல்லோரும். இதைச் சொன்னால் மட்டும் “எங்களுக்கா ஊசி?” என்று சிரிப்பார்கள். அடுத்த பிள்ளை உண்டானால், 27 முதல் 36 வாரத்துக்குள் கக்குவான் சேர்ந்த டிடாப் ஊசியைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அரசு போடும் டிடி ஊசியில் கக்குவான் பகுதி கிடையாது.

சாம்பிராணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. குளிப்பாட்டி, தலைக்குப் புகை காட்டினால்தான் சளி பிடிக்காது என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், என் தலைக்கும் காட்டினார்கள். ஜன்னல் சிறுத்த உள்வீட்டு அறையில், இன்னும் முழுசாக முளைக்காத நுரையீரலுக்கு அந்தப் புகை வேண்டவே வேண்டாம். துண்டால் துவட்டினால் தலை காயும். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டும் அதே ரகம். தாய்ப்பாலும், நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையும் தாராளமாக நடக்கட்டும். இந்த வைரஸ் தொட்டில் கம்பியிலும் பொம்மையிலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும், அதனால் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முகப்பிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டு போகும் உறவு அடுத்த கல்யாணத்தில் பேசிவிடும்.

எல்லாம் செய்தும் சளி பிடிக்கலாம். சட்டையைக் கழற்றி, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். அறுபது, அதற்கு மேல் என்றால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், முனகினால், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டால், உதடு நீலம் பூத்தால், மூச்சு நின்று நின்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கிளம்பும்போது தடுப்பூசி அட்டையோடு டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தான் என்று நடுராத்திரியில் பணியிலிருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.