நீர்மறவாப்பூ

ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுப் பின்வளவில் சின்னக் குளமொன்று வெட்டி, கரையெல்லாம் ஒரு நீலப் பூச்செடி நட்டிருக்கிறார். வைகாசி மாதம் வீடியோவில் அழைத்து, கைபேசியைப் பூவுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். சுண்டுவிரல் நகத்திலும் சிறிய பூ. வான்நீலத்தில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. மொட்டு மட்டும் இளஞ்சிவப்பு. விரிய விரியத்தான் நீலமாகிறது.

"பிள்ளையள் இதை ஃபெர்கிஸ்மைன்நிஹ்ட் எண்டு சொல்லுதுகள். தமிழிலை என்ன பேர் தம்பி?"

யாழ்ப்பாணத்து மண்ணில் முளைக்காத செடி. ஊரில் அதற்குப் பெயர் இருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த ஜேர்மன் சொல். அது ஒரு முழு வாக்கியம்: 'என்னை மறவாதே'. காதலிக்காக ஆற்றங்கரையில் இந்தப் பூவைப் பறிக்கப்போன வீரன், கவசத்தின் பாரத்தால் நீரில் அமிழ்ந்தானாம். அமிழும்போது பூங்கொத்தைக் கரைக்கு எறிந்து, இந்தச் சொல்லைச் சொன்னானாம். பெயருக்குப் பின்னால் அங்கே சொல்லப்படும் கதை இது. பழைய பிரெஞ்சிலும் பூவுக்கு இதே பொருளில்தான் பெயர், ஆங்கிலம் அதை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டது. ஒரு வேறுபாடு உண்டு. ஜேர்மன் சொல் 'நீ' என்று விளிக்கிறது. பழைய பிரெஞ்சுச் சொல் மரியாதையோடு விளிக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் முன்னது 'மறவாதே', பின்னது 'மறவாதேயும்'. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

தாவரவியல் பெயர் வேறு வழியில் போகிறது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் இதற்கு வைத்த பெயர் மயோசோட்டிஸ் ஸ்கோர்பியோய்டிஸ். மயோசோட்டிஸ் என்றால் கிரேக்கத்தில் எலியின் காது. இலையின் வடிவத்தைக் கண்டு வைத்தது. ஸ்கோர்பியோய்டிஸ் என்றால் தேள் போன்றது. பூந்துணரின், அதாவது பூங்கொத்தின், நுனி தேளின் வால்போல் சுருண்டிருக்கும். அடியிலிருந்து ஒவ்வொரு பூவாக மலர மலர அந்தச் சுருளும் அவிழ்ந்து நிமிரும். இங்கிலாந்திலும் முன்பு இதைத் தேள்புல் என்றுதான் அழைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊர்க் குளங்கள் வற்றும்போது அந்த ஈரக்கரையில் முளைக்கிற ஒரு பூண்டு இருக்கிறது. சொரசொரப்பான இலை, நுனியில் சுருண்ட துணர், அதன் முதுகில் இரண்டு வரிசையாக வெள்ளையும் வெளிர் ஊதாவுமாய்ப் பொடிப்பூக்கள். அதன் பெயர் தேள்கொடுக்கு. அக்காவின் நீலப்பூவும் நம் தேள்கொடுக்கும் ஒரே குடும்பம் என்பதுதான் தாவரவியலாளரின் வழமையான வகைப்பாடு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்ச்சனங்கள், உறவுச் செடிகள் இரண்டின் நுனியில் ஒரே தேளைக் கண்டிருக்கிறார்கள்! எலிக்காதும் தமிழுக்குப் புதிதில்லை. எலிக்காதுக்கீரை என்று நிலத்தோடு படரும் ஒரு கீரை இருக்கிறது. அது வேறு குடும்பம்.

ஆக, தேளும் எலியும் ஏற்கெனவே வேறு செடிகளுக்குப் போய்விட்டன. எஞ்சியது 'மறவாதே'. பள்ளிக்கூடம் முடிகிற நாளில் ஒருவர் ஓட்டோகிராப்பில் மற்றவர் அதைத்தான் எழுதினோம், ஆகவே சொல் அந்நியமில்லை. ஆனால் ஏவலை அப்படியே செடிக்குப் பெயராக வைப்பது தமிழுக்குப் பழக்கமில்லை. தமிழ் தொட்டாற்சுருங்கி என்னும், முடக்கறுத்தான் என்னும். செடி என்ன செய்கிறது என்பதைப் பெயராக்கும். இல்லாவிட்டால் வாடாமல்லி என்பதுபோல எதிர்மறைப் பெயரெச்சத்தை முன்னால் வைக்கும். அப்படியானால் மறவாப்பூ.

பூ எப்படி மறக்கும், மறக்காமலிருக்கும் என்று கேட்கலாம். வாடாமலர் என்றால் வாடாதது மலர்தான். உண்ணாச்சோறு என்றாலோ உண்ணாதது சோறில்லை, நாம். பெயரெச்சம் இரண்டு பக்கமும் திரும்பும். மறவாப்பூ என்பது நாம் மறவாத பூ. இலக்கணம் இடம் தருகிறது.

இன்னொன்று மிச்சம். இந்தப் பூவில் பல இனங்கள் உண்டு. பாத்திகளில் வளர்ப்பது பெரும்பாலும் காட்டினம்; அதற்கு நீர்நிலை வேண்டாம். அக்கா வைத்திருப்பது நீரோரத்து இனம். ஜேர்மன்காரர் முன்னொட்டாகச் 'சதுப்பு' என்ற சொல்லைச் சேர்த்து இதைப் பிரித்துச் சொல்கிறார்கள். நான் 'நீர்' சேர்த்தேன். நீர்மறவாப்பூ.

எழுதிவிட்டு வாய்விட்டு வாசித்தபோதுதான் தெரிந்தது. 'நீர்' எங்களுக்குத் தண்ணீர் மட்டுமில்லை. நீ என்று சொல்ல மனம் வராத, நீங்கள் என்று தள்ளி நிறுத்தவும் விரும்பாத ஒருவரை நாங்கள் 'நீர்' என்கிறோம். கணவன் மனைவியை, சிநேகிதன் சிநேகிதனை. தமிழகத்துப் பேச்சில் அது அருகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வீட்டுச்சொல். அப்போது இந்தப் பெயர் 'நீர் மறவாத பூ' என்றும் கேட்கிறது. பழைய பிரெஞ்சின் அந்த மரியாதை தேடாமலே வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது பொருளும் உண்டு: நீரை மறவாத பூ. செடியின் குணம் அதுதான். அக்கா நட்டது கரைச் சேற்றில், ஐந்து சென்டிமீற்றர் அளவு தண்ணீர் நிற்கிற இடத்தில். தண்டு சேற்றோடு ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, குளத்துக்கு விரித்த ரப்பர் விரிப்பின் விளிம்பை மூடிவிட்டது. வெயில் கூடினால் வாடும், பாதி நிழல் போதும். அலங்காரத்துக்கென்று வட அமெரிக்கா போன இடத்தில் ஓடைக்கரைகளில் களையாகப் பரவியும் இருக்கிறது. அதனால் வெட்டிய தண்டை வாய்க்காலில் எறிய வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

விதை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மார்கழி, தை இரவிலும் இங்கே வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. குளிர்நாட்டுச் செடி என்ன செய்யும்? தொட்டிக் கரைக்கு எங்களிடம் வல்லாரை இருக்கிறது.

செடியின் பெயராக எழுதும்போது சேர்த்து, பகரம் மிகுத்து எழுத வேண்டும்: நீர்மறவாப்பூ. அக்காவின் மகள் பலகைத் துண்டொன்றில் அதை எழுதிக் குளத்தோரம் நட்டிருக்கிறாள். படம் வந்தது. 'நீர்' தனியாகவும் 'மறவாப்பூ' தனியாகவும் பிரித்து எழுதியிருந்தாள். நான் திருத்தச் சொல்லவில்லை.