தசை நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் கால் எழவில்லை?

"சிறு துளை போட்டு முழங்கால் ஜவ்வைச் சரிசெய்து நான்கு நாள் ஆகிறது. காலை நீட்டியபடி தூக்கச் சொல்கிறார்கள். தொடை அசையவே மாட்டேன் என்கிறது. தசையை வெட்டிவிட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. தசையை வெட்டவில்லை. நரம்பும் அறுபடவில்லை. கோளாறு தொடையிலேயே இல்லை, முட்டிக்குள் கோத்திருக்கும் நீரில் இருக்கிறது.

மூளையிலிருந்து கட்டளை தண்டுவடத்துக்கு வரும், அங்கிருந்து இயக்க நரம்பு வழியாகத் தசைக்குப் போகும் என்பது பள்ளியில் படித்ததுதான். அந்தத் தண்டுவட நிறுத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. முழங்கால் மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இழுவையையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் நிறைய உண்டு. சாதாரணமாக மூட்டுக்குள் சில மில்லி திரவம்தான் இருக்கும். வீக்கம் வந்து உறை விம்மியதும் அந்த முனைகள் ஓயாமல் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. அங்கே இடையில் இருக்கும் சிறு நரம்பணுக்கள், முன்தொடைத் தசையை இயக்கும் அணுக்களின் மேல் பிரேக் போட்டுவிடுகின்றன. நீங்கள் பல்லைக் கடித்து முயன்றாலும் மூளையின் கட்டளையில் ஒரு பகுதி அங்கேயே நின்றுவிடும்.

இதைக் கண்டறிந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தக் காயமும் இல்லாத, ஆரோக்கியமானவர்களின் முழங்காலுக்குள் ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீரை ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற, தண்டுவடம் தொடைக்கு அனுப்பும் அனிச்சைத் துடிப்பை அளந்தார்கள். 1984இல் வெளியான அளவீட்டின்படி, வெறும் 20 முதல் 30 மில்லி நீரிலேயே தொடையின் உள்பக்கத் தசை அடங்கத் தொடங்கிவிட்டது. மற்ற பகுதிகள் அடங்க 50, 60 மில்லி தேவைப்பட்டது. வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. சில தேக்கரண்டி நீர் மட்டும்தான்!

முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகும் இதே பிரேக் வேலை செய்கிறது. ஒரு மாதத்தில் முன்தொடையின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் தசையின் பருமன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைந்திருக்கும். மீதி இழப்பில் பெரும்பகுதிக்குக் காரணம் கட்டளை முழுதாகப் போய்ச் சேராததுதான்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத என் ஆரம்ப நாட்களில் ஒரு பெண்மணியிடம், "நீங்கள் முயற்சியே செய்யவில்லை" என்று சொல்லியிருக்கிறேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வியர்வை, நல்ல காலின் குதிகால் மெத்தையில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. உடம்பு முழுக்க முயன்றுகொண்டிருந்தது, அந்த ஒரு தசையைத் தவிர. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, பிரேக்கை எப்படித் தளர்த்துவது? பயிற்சிக்கு முன் இருபது நிமிடம், துணி சுற்றிய ஐஸ் பையை முட்டிமேல் வையுங்கள். வீக்கம் அப்படியே இருந்தாலும், குளிர்ச்சி கொஞ்ச நேரத்துக்கு இந்தத் தடையைக் குறைக்கிறது. அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய வேண்டும். மின்தூண்டல் கருவி இன்னொரு வழி, அது தண்டுவடத்தின் வழியாகப் போகாமல் தொடையிலுள்ள நரம்பையே நேராகத் தூண்டுகிறது. ஐஸ் பையில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை, அதனால் இதுபோன்ற எளிய சிகிச்சைகளைப் பெரிய அளவில் சோதிக்கப் பணம் போட ஆள் வருவதில்லை. பொதுப்பணம் போக வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

வீங்கிய முட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், காலைத் தூக்குவதை இன்றைக்கு விட்டுவிடுங்கள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியாலேயே அதை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் விரலுக்கடியில் மீன் துள்ளுவதுபோல் லேசாக ஒரு துடிப்பு தட்டுப்படும், சில்லு ஒரு நூல் மேலே நகரும். அன்று உங்கள் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.