அன்பிவட்: நிரல்நிறையாக்கம்

ராயபுரத்தில் நான் எக்செல் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பில், காசிமேட்டு மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி ‘அன்பிவட்’ என்ற கட்டளையைக் காட்டி, “இதுக்குத் தமிழ்ல என்ன சார்?” என்று கேட்டாள். சொல் விளங்காததால் செயலும் விளங்காமல் போவதைப் பலரிடம் கண்டிருப்பதால், அவளுக்குச் சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஆழம் அளந்து எழுதிய அட்டவணை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் நிரையில் (கிடை வரிசையில்) கிழக்கு நோக்கிய தொலைவு 10, 20, 30, 40, 50 மீட்டர். இடப்பக்க நிரலில் (செங்குத்து வரிசையில்) வடக்கு நோக்கிய தொலைவு 0, 25, 50, 75 மீட்டர். உள்ளே இருக்கும் 20 கட்டங்களில், கடலோர வழக்கில் சொன்னால், இத்தனை ‘பாகம்’ (இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறு அடி) என்று ஆழம். கண்ணால் படிக்க இக்கட்டம் வசதியானதே. ஆனால் சம ஆழக் கோடு வரையும் மென்பொருள்கள் பலவும், ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்குத் தொலைவு, வடக்குத் தொலைவு, ஆழம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே அந்தக் கட்டம் மூன்று நிரல்களும் 20 வரிகளும் உடைய பட்டியலாக மாற வேண்டும்; அம்மாற்றமே அன்பிவட்.

‘பிவட்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். கதவைத் தாங்கிச் சுழலவிடும் முளையை, நம் பழைய வீட்டுக் கதவுகளில் ‘குடுமி’ எனப்படுவதை, அது குறித்தது. 1993-இல் வந்த எக்செல் 5-இல், தரவுகளைத் தொகுத்துக் காட்டும் ‘பிவட் டேபிள்’ இடம்பெற்றது. நிரையை நிரலாகவும் நிரலை நிரையாகவும் திருப்பிப் பார்க்க முடிந்ததால் அப்பெயர் பொருந்தியது. ‘அன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டையும் சேர்த்து ‘எதிர்ச்சுழற்சி’ என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. ‘நிரலாக்கம்’ எனலாமென்றால், அது புரோகிராமிங்கைக் குறித்து நிலைத்துவிட்டது.

நான் முன்வைப்பது ‘நிரல்நிறையாக்கம்’. தொல்காப்பியம் ‘நிரனிறை’ என்று சுட்டும் நிரல்நிறை, சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றோடு முடியும் சொற்களை இன்னொரு வரிசையிலும் நிறுத்தி, முறையே பொருத்திப் பொருள்கொள்வது. 45-ஆம் குறளில் அன்பு பண்போடும் அறன் பயனோடும் இணைவது இப்படித்தான். நம் பட்டியலிலும் மூன்று நிரல்களின் ஏழாம் எண்கள் சேர்ந்தே ஏழாம் புள்ளியாகின்றன: கிழக்கே 20, வடக்கே 25, அங்குள்ள ஆழம். ஒரு நிரலை மட்டும் தனியே வரிசைமாற்றினால் படம் முழுவதும் பிழையாகிவிடும். பெயரிலேயே அந்த எச்சரிக்கை அடங்கியிருப்பதால்தான் இச்சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே வல்லின றகரம் வரும். வரிசையைக் குறிக்கும் ‘நிரை’ வேறு சொல்.

எக்செல்லில் தரவுகளை மாற்றியமைக்கும் பகுதியான பவர் குவெரியில் இதைச் செய்வோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். தலைப்பில் இருந்த 10, 20 முதலியவை மாற்றத்துக்குப் பின் எழுத்துகளாகவே நிற்கும். அவற்றை எண் வகைக்கு மாற்றாவிட்டால் படத்தின் அச்சுக்கோட்டில் தொலைவுகளாக அமையாமல் வெறும் பெயர்களாக அமையும். மேலும், வெற்றுக் கட்டங்கள் பட்டியலில் வராமல் விடுபட்டுவிடும். அளக்காத ஓர் இடம் இருந்து 19 வரிகளே வந்தால் அதுவே சரி; 20 ஆக்குவதற்காக அங்கே சுழியம் இட்டால், அவ்விடத்தில் தண்ணீரே இல்லை என்று படம் காட்டிவிடும்.