நிலாவைக் கடிகாரமாக வைத்துக் கடலில் இடம் கண்டது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் சுமார் 12 பாகை உயரத்தில் இருக்கும். ஊரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட 12 பாகைதான். அந்த நட்சத்திரம் வடதுருவத்துக்கு நேர் மேலே (இப்போது முக்கால் பாகைக்கும் குறைவான விலகலில்) இருப்பதால், வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் அதுவும் ஒரு பாகை உயரும். ஒரு பாகை 60 கடல் மைல். பகலில் இதே வேலைக்கு உச்சிச் சூரியன் போதும்.

சோழமண்டலக் கரைக்கு வருகிறவருக்கு இது பெரிய வசதி. கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே எங்கிருந்து வந்தாலும், கடலிலேயே 12 பாகையைப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினால் ஊர் வந்துவிடும். எத்தனை நாளில் வரும் என்பதுதான் தெரியாது.

அதைச் சொல்வது தீர்க்கரேகை. அதற்கு நேரம் தெரிய வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கப்பலில் உச்சிப்பொழுது ஆகும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால், வித்தியாசத்தைப் பாகையாக்கிவிடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் கிட்டத்தட்ட 15 கடல் மைல் பிசகும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்!

இதில் அடிபட்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீ. வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் உதவாது. துல்லியமான நேரமும் இடமும் இல்லாத அளவீட்டால் பயனில்லை. 1769இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தபோது மேகம் மூடிக்கொண்டது. பாவம் மனிதர்.

கடலில் நம்பகமாக ஓடும், ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1759இல் தயாராகிவிட்டது. ஆனால் விலை அதிகம். அப்புறம் என்ன வழி? நிலாதான். நட்சத்திரங்களுக்கு நடுவே அது மணிக்கு அரைப் பாகை நகர்கிறது. குறிப்பிட்ட நட்சத்திரத்திலிருந்து அதன் தூரத்தைக் கோணமாக அளந்து, அட்டவணையில் பார்த்தால் கிரீன்விச் நேரம் கிடைக்கும். அளவிலோ அட்டவணையிலோ பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் நேரம் 2 நிமிடம் தவறும். கப்பல் 30 கடல் மைல் தள்ளி நிற்கும். ஆக அளவைப் போலவே அட்டவணையின் தரமும் முக்கியம். 1767 முதல் வந்த ஆங்கிலேயக் கடல் பஞ்சாங்கம் ஜெர்மானிய வானியலாளர் டோபியாஸ் மாயரின் நிலா அட்டவணையை நம்பியிருந்தது.

லெ ஜான்டீ புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதரிடம் சந்திர கிரகணக் கணக்கைக் கற்றார். சோழிகளை நகர்த்தி மனப்பாட வாய்பாடுகளால் போடும் கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் நீடித்த நேரத்தை ஒப்பிட்டார்: தமிழ்க் கணக்கில் 41 விநாடி குறைவு, மாயர் அட்டவணையில் 68 விநாடி கூடுதல். ஒரே ஒரு கிரகணத்தை வைத்து யார் உசத்தி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் அவர் அதைக் குறித்து வைத்தார்.