அடுத்து எந்த ஊருக்குப் போறீங்க?

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று ரயில் நிலைய வாசலிலும் கோயில் மதிலோரத்திலும் பூட்டிய கடைகளின் திண்ணையிலும் படுத்துறங்குகிறவர்களை இரவில் போய்ப் பார்க்கும் மருத்துவக் குழுவில் நானும் ஒருவன். பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள், பூம்பூம் மாட்டுக்காரர்கள், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நரிக்குறவர் எல்லாருமே வீடற்றவர்கள் என்று நினைக்க வேண்டாம். பலருக்குக் குடியிருப்பு உண்டு, ஆனால் வருடத்தில் பல மாதம் திருவிழா திருவிழாவாகப் போனால்தான் பிழைப்பு. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது, சாதிச் சான்றிதழுக்கு அது பெரிய விஷயம். பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் குழந்தையின் இருமல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மருந்துக்குப் பஞ்சமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசநோய் மாத்திரை இலவசம், நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம், சிரங்கு மருந்தும் கிடைக்கிறது. ஆனால் புறநோயாளர் சீட்டு கொடுக்கிற காலை நேரம்தான் இவர்களுக்கு வியாபார நேரம், அன்றைக்குக் கூடையோடு பேருந்து நிலையத்தில் நிற்காவிட்டால் ராத்திரி பிள்ளைக்குச் சோறில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஆனால் அது வீட்டுக் கதவைத் தட்டுகிற திட்டம், கதவே இல்லாதவர்களை அது எப்படித் தேடும்? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜிம் விதர்ஸ் என்ற மருத்துவர் 1992-ல் ராத்திரியில் தெருவுக்கே போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். நம் ஊருக்கும் அதுதான் சரிப்படும் என்று நான் நம்புகிறேன். கடைகள் மூடிய பிறகு ஒரு சுற்று, விடிகாலையில் ஒரு சுற்று. விடிகாலை எதற்கென்றால், எழுந்தவுடன் வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி எடுக்கும் சளிதான் காசநோய்ப் பரிசோதனைக்கு நல்ல மாதிரி.

போனதும் நோயைப் பற்றிப் பேசக்கூடாது. காலில் புண் இருக்கும், அதைக் கழுவிக் கட்டுப் போட வேண்டும். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் "சாமி, இந்தப் புள்ளைக்கும் கொஞ்சம் பாருங்க" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்.

சிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனின் விரலிடுக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பொடிப்பொடியாகக் கொப்புளம், சொறிந்து சொறிந்து சீழ் வைத்திருக்கும். சாதாரணமாக விட்டுவிடுகிறோம், ஆனால் அந்தச் சீழில் உள்ள கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு கொண்டுவரும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதுவும் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும், ஒருவர் விட்டுப்போனாலும் திரும்ப வந்துவிடும். சரி, காலையில் எங்கே குளிப்பது? கட்டணக் குளியலறைக்கு ஏழெட்டுப் பேருக்குக் காசு கொடுக்க முடியுமா? துணியை வெந்நீரில் போட்டு அலசு என்று சீட்டில் எழுதிவிடலாம், அடுப்பே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நாங்கள் குளியலறைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, மாற்றுத்துணி கொடுத்து, பழைய துணியை பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கச் சொல்கிறோம். மனிதத் தோல் கிடைக்காமல் சிரங்கை உண்டாக்கும் பூச்சி சில நாளிலேயே செத்துவிடும். களிம்பைவிட இந்த ஏற்பாட்டுக்குத்தான் அலைச்சல் அதிகம்.

ஐப்பசி கார்த்திகை வந்துவிட்டால் எலிக்காய்ச்சல் பயம். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீர், வெடித்த குதிகால், இது இரண்டும் போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் மழையில் நனைந்த காய்ச்சல் என்று விடாதீர்கள், ஆரம்பத்தில் சாதாரண மாத்திரையில் அடங்குகிற நோய் பிந்தினால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறவர்கள் ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பும் சோப்பும் கொடுத்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று உறுதியானால் வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை, இங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மூத்திரம் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும், அது மருந்தின் நிறம் என்று. சொல்லாவிட்டால் ரத்தம் போகிறதென்று பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். நரிக்குறவர்களின் மொழியான வாக்ரிபோலியில் ஒரு பாட்டி எடுத்துச் சொன்னால் நான் பத்து முறை சொல்வதைவிட நன்றாக ஏறும். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசிடமிருந்து மாதம் 1000 ரூபாய் வருகிறது, 2024 நவம்பருக்கு முன் 500 தான். ஆனால் அது வங்கிக் கணக்குக்கு வருகிற பணம், கணக்கு திறந்துகொடுப்பதையும் வைத்தியத்தில் ஒரு பங்காகவே பார்க்கிறோம்.

அப்புறம் முகவரி. ஒரு மருத்துவமனையில் "அட்ரஸ் இல்லாம எப்படி என்ட்ரி போடுறது" என்று திருப்பி அனுப்பப்பட்ட அம்மா ஒருவர் இருமிக்கொண்டே எங்களிடம் வந்தார். இவர்களுக்குத் தெரு எண் இருக்காது, போகும் பாதை இருக்கும். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம், அது செப்டம்பர் 8 வரை. கந்தூரிக்கு நாகூர், ஆழித்தேருக்குத் திருவாரூர். அதனால் நான் கேட்கும் கேள்வி, "அடுத்து எந்த ஊருக்குப் போறீங்க, எத்தனை நாள் இருப்பீங்க?" அதைச் சீட்டில் எழுதி, அதுவரைக்கும் தேவையான மாத்திரையைக் கையில் கொடுத்து, அந்த ஊர்க் காசநோய்ப் பணியாளருக்கு போன் செய்துவிடுவோம். நிக்‌ஷய் எண், அதாவது காசநோயாளிக்கு அரசு தரும் பதிவு எண், இருந்தால் நாட்டில் எந்த அரசு மையத்திலும் சிகிச்சையைத் தொடரலாம்.

நாய்க்கடியும் இப்படித்தான். தெருவில் தூங்குகிறவரைத்தான் நாய் எளிதில் கடிக்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காமல், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே முதல் ஊசி, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே போடும் சீரமும் உண்டு. அந்த 28-ஆம் நாளில் அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள், அதனால் தேதிகளைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

திருவிழா மருத்துவ முகாமில் உட்காரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாசிமணிக் கூடையோடு ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டு வந்தால், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா, சீட்டு இருக்கா?" என்று கேளுங்கள். மடியிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினால், எந்த ஊர்ச் சீட்டு என்று பார்க்காமல் அடுத்த தவணையைக் கொடுத்துவிடுங்கள்.